28 பேர் அலுவலகத்துக்கு இரண்டாவது சர்வர்: கிளஸ்டர் வேணுமா, ரெப்ளிகேஷன் போதுமா?

பனியன்நெட் கேட்டது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம், பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அலுவலகத்தில் 28 கம்ப்யூட்டர், பக்கத்து குடோனில் 4. சர்வர் ஒன்றே ஒன்று: 32 ஜிபி ரேம், 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு ரெய்டு 1-ல் (ஒன்றின் நகல் மற்றது), விண்டோஸ் சர்வர் 2016. ஆக்டிவ் டைரக்டரி (லாகின், பயனர் கணக்குகள்), டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக்குவது), டிஎச்சிபி (கம்ப்யூட்டர்களுக்கு ஐபி கொடுப்பது), ஃபைல் ஷேர் (700 ஜிபி, பெரும்பாலும் டிசைன் ஃபைல்கள்), டாலி பிரைம், வருகைப்பதிவு மெஷினுக்கான எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ் டேட்டாபேஸ், எல்லாம் அதிலேயே ஓடுது. யுபிஎஸ் 2 கேவிஏ லைன் இன்டராக்டிவ் ஒன்று. சாதா 24 போர்ட் ஸ்விட்ச் இரண்டு. ஃபைபர் லைன் ஒன்று. பேக்கப் தினமும் ராத்திரி யுஎஸ்பி டிஸ்க்குக்குப் போகுது. அந்த டிஸ்க் எப்பவும் சர்வரிலேயே செருகித்தான் இருக்கும்.

சர்வர் விற்கிறவர் சொல்வது: "இதே மாதிரி இரண்டு புது சர்வர், நடுவில் ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி), விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டர். ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும்." யுபிஎஸ், லைசென்ஸ் எல்லாம் சேர்த்து முதலாளி 6 லட்சம் வரை ஒத்துக்கிட்டார். இந்தத் திட்டம் சரிதானுங்களா?

குவோரம் எழுதியது:

சரியில்லை. சர்வரை இரண்டாக்கிவிட்டு டேட்டா முழுவதையும் ஒரே நாஸில் வைத்தால், அந்த நாஸின் மதர்போர்டோ பவர் சப்ளையோ போகும் நாளில் இரண்டு சர்வரும் சேர்ந்தே நிற்கும். அந்த வழியில் போவதானால் இரட்டை கன்ட்ரோலர் உள்ள ஸ்டோரேஜ் வேண்டும். அதை வாங்கினால் உங்கள் 6 லட்சத்தில் மற்ற எதற்கும் மிச்சம் இருக்காது.

பொருள் வாங்கும் முன் முதலாளியிடம் இரண்டு கேள்விக்கு எண்ணாகப் பதில் வாங்குங்கள். வேலை எத்தனை நேரம் நின்றால் தாங்கும்? எத்தனை நிமிட என்ட்ரி தொலைந்தால் திரும்பப் போட முடியும்? "நிற்கவே கூடாது" என்று சொல்வார். அதற்கு ஆகும் செலவைக் காட்டினால் அரை மணி நேரம் பரவாயில்லை என்பார். அரை மணி நேரம், 15 நிமிட என்ட்ரி என்று முடிவானால் கீழே சொல்வது போதும்.

ஒரே மாடல் சர்வர் இரண்டு. ஒவ்வொன்றிலும் 8 முதல் 16 கோர் ஒற்றை பிராசசர், 64 ஜிபி ஈசிசி ரேம், இரட்டை பவர் சப்ளை, மானிட்டர் இல்லாமல் தூரத்திலிருந்தே ஆன் ஆஃப் செய்யும் ஐபிஎம்ஐ வசதி. டேட்டாவுக்கு 1.92 டிபி எஸ்எஸ்டி இரண்டு, மிரராக. மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருந்ததை முடிக்க கெபாசிட்டர் வைத்த என்டர்பிரைஸ் எஸ்எஸ்டியாகவே எடுங்கள். லேப்டாப் எஸ்எஸ்டியை இசட்எஃப்எஸ்ஸில் (இந்த டிஸ்க்குகளை நிர்வகிக்கப்போகும் ஃபைல் சிஸ்டம்) போட்டால், ஒவ்வொன்றையும் உடனே டிஸ்க்கில் எழுதி முடிக்கும் சிங்க் ரைட்டில் திணறும், சீக்கிரம் தேயவும் தேயும். ஒரு சர்வருக்கான இரண்டு டிஸ்க்கும் ஒரே பேட்சில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பேட்ச் டிஸ்க்குகள் அடுத்தடுத்து சாக வாய்ப்பு அதிகம்.

64 ஜிபி ஏன் என்றால், ஒரு சர்வர் படுத்த நாளில் மற்றது தனியாகவே முழுச் சுமையையும் தூக்க வேண்டும். டாலியும் ஃபைலும் உள்ள விஎம்முக்கு (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) 24, டொமைன் கன்ட்ரோலருக்கு (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) 4, இசட்எஃப்எஸ் கேஷுக்கு 8 என்று உச்சவரம்பு, ஹோஸ்டுக்கு (விஎம்களைத் தாங்கும் சர்வருக்கே) 4. மொத்தம் 40. மிச்சம் வளர்ச்சிக்கு. இரண்டிலும் 32 போட்டு சுமையைப் பாதிப்பாதியாகப் பிரித்தால் சாதாரண நாளில் அழகாக ஓடும், தேவைப்படும் நாளில் ஓடாது.

இரண்டிலும் ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம்களை ஓட்டும், லினக்ஸ் மேல் அமைந்த மென்பொருள்) போட்டு, இரண்டிலும் ஒரே பெயரில் இசட்எஃப்எஸ் பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) உருவாக்குங்கள். பெயர் மாறினால் ரெப்ளிகேஷன் (ஒரு சர்வரின் டேட்டா குறித்த இடைவெளியில் மற்றதுக்குக் காப்பி ஆவது) நடக்காது. ரெப்ளிகேஷன் இடைவெளி இயல்பாக 15 நிமிடம். 5-ஆகக் குறைக்கலாம், மாறிய பகுதி மட்டும்தான் போகும். இரண்டு சர்வருக்கும் நடுவில் ஸ்விட்ச் இல்லாமல் நேரடி கேபிள் ஒன்று. முதல் முழுக் காப்பி 1 டிபி என்றால் 1 ஜிபிபிஎஸ் லைனில் சுமார் இரண்டரை மணி நேரம், ஒரே ஒரு முறை. அதற்காக 10 ஜி கார்டு வாங்கச் சொல்வார்கள்; அந்தக் காசை யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

இரண்டு சர்வர் மட்டும் உள்ள கிளஸ்டரில் ஒன்று போனால் மற்றதுக்கு 2-ல் 1 ஓட்டுதான். பெரும்பான்மை இல்லை என்று எந்த விஎம்மையும் கிளப்ப விடாது. அதனால் மூன்றாவது ஓட்டு வேண்டும்: பேக்கப் மெஷினிலோ ஒரு சின்ன பெட்டியிலோ க்யூடிவைஸ். அதை இந்த இரண்டு சர்வரில் ஒன்றுக்குள்ளேயே விஎம்மாக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த சர்வர் போனால் இரண்டு ஓட்டும் ஒன்றாகப் போகும்.

டொமைன்வாசி எழுதியது:

ஹார்டுவேர் பற்றி குவோரம் சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. விண்டோஸ் பக்கம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பணம் கரைவது இங்கேதான்.

டொமைன் கன்ட்ரோலர் (டிசி) இரண்டு, ஒரு ஹோஸ்டுக்கு ஒன்று. இந்த இரண்டையும் ப்ராக்ஸ்மாக்ஸ் ரெப்ளிகேஷனில் சேர்க்காதீர்கள். ஆக்டிவ் டைரக்டரி தன் டேட்டாவைத் தானே ஒத்திசைத்துக்கொள்ளும். ஒரு டிசி முழுதாகச் செத்தால் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பாமல், அதன் பதிவை டைரக்டரியிலிருந்து துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றுங்கள். பழசை எழுப்பினால் வரும் யுஎஸ்என் ரோல்பேக் தொல்லை (மாற்றங்களின் வரிசை எண் பின்னோக்கிப் போய் இரண்டு டிசியும் ஒத்துப்போகாதது) சர்வர் 2012-க்குப் பிறகு குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்கு விஎம் ஜெனரேஷன் ஐடி (விஎம் பழைய நிலைக்குத் திரும்பியதை டிசிக்குக் காட்டும் எண்) சரியாக மாற வேண்டும், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

எல்லா கம்ப்யூட்டரிலும் டிஎன்எஸ் இரண்டு டிசி முகவரியாக மட்டுமே இருக்கட்டும். இரண்டாவதாக 8.8.8.8 போடும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. முதல் டிசி ஒரு நொடி தாமதித்தால் கம்ப்யூட்டர் கூகுளிடம் போய் உங்கள் டொமைனைக் கேட்கும், அது "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லிவிடும், லாகின் இழுக்கும். டிஎச்சிபிக்கு சர்வர் 2012 முதலே ஃபெயில்ஓவர் உண்டு. லோட் பேலன்ஸ் 50:50 வைத்தால் போதும். நேரத்துக்கு, பிடிசி எமுலேட்டர் பாத்திரம் உள்ள (டொமைனுக்கே நேரம் சொல்லும்) டிசியை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரச் சர்வரோடு இணையுங்கள். 2022 ஏப்ரல் சர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு கேட்பதும் அதுதான். லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். ஹோஸ்ட் கடிகாரம் தவறினால் சர்வர் உயிரோடிருந்தும் யாராலும் உள்ளே நுழைய முடியாது.

இப்போது லைசென்ஸ். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் கணக்கு, அதற்குள் 2 விஎம். இன்னொரு சர்வருக்கு விஎம் தாவக்கூடும் என்றால் அந்த சர்வருக்கும் தனியாக வேண்டும். லைசென்ஸை நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியாது, 90 நாளுக்கு ஒரு முறைதான் என்று விதி இருக்கிறது. டாலி ஒரு விஎம், ஃபைல் ஒன்று, எஸ்க்யூஎல் ஒன்று என்று பிரித்தால், ஒரு சர்வர் போன நாளில் மற்றதில் டிசியோடு சேர்த்து 4 விஎம். அதாவது ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு ஸ்டாண்டர்டு, மொத்தம் நான்கு. டாலி, ஃபைல், எஸ்க்யூஎல் மூன்றையும் ஒரே விஎம்மில் வைத்தால் எந்த நாளிலும் ஒரு சர்வரில் 2 விஎம்தான்: மொத்தம் இரண்டு லைசென்ஸ். பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் பிரிப்பதே நல்லது, ஷேரில் புகுந்த வைரஸ் டாலியைத் தொடாது. ஆனால் 28 பேர் அலுவலகத்துக்கு அந்த வித்தியாசத்தை விட நல்ல பேக்கப் அதிகம் காப்பாற்றும் என்பது என் கணிப்பு. சிஏஎல் (சர்வரைப் பயன்படுத்துவதற்கான லைசென்ஸ்) சர்வர் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல; ஆளோ மெஷினோ, ஒரு செட் போதும். பழைய 2016 சிஏஎல் புதிய பதிப்புக்குச் செல்லாது, அதையும் பட்ஜெட்டில் சேருங்கள். 2016-க்கான சப்போர்ட் 2027 ஜனவரி 12-ல் முடிகிறது, எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆளுக்கு லினக்ஸ் பரிச்சயம் இல்லையென்றால் ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் பதில் ஹைப்பர்-வி ரெப்ளிக்கா (விண்டோஸிலேயே உள்ள விஎம் ரெப்ளிகேஷன்) வையுங்கள். 30 நொடி, 5 நிமிடம், 15 நிமிடம் என்று மூன்று இடைவெளி, நாஸ் தேவையில்லை, லைசென்ஸுக்குள்ளேயே அடங்கும். ஃபெயில்ஓவர் கையால்தான் செய்ய வேண்டும். அது குறையில்லை.

பனியன்நெட் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றிங்க. கையால் செய்வது குறையில்லை என்றால் என்ன அர்த்தம்? க்யூடிவைஸ் இருக்கும்போது ஆட்டோமேட்டிக்காகவே விட்டுவிடலாமே?

குவோரம் எழுதியது:

விடலாம், விஎம் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக எழும். எழுவது கடைசி ரெப்ளிகேஷன் வரை உள்ள டேட்டாவோடு. உங்களுக்கு இ-இன்வாய்ஸ் பொருந்துமென்றால் (ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல்) அதன் விளைவைப் பாருங்கள்.

11.02-க்கு 412-ம் எண் பில்லுக்கு ஐஆர்என் (இ-இன்வாய்ஸ் போர்ட்டல் தரும் பதிவு எண்) வாங்கியாகிவிட்டது. 11.05-க்கு சர்வர் போகிறது. கடைசி ரெப்ளிகேஷன் 10.55. இரண்டாவது சர்வரில் எழும் டாலியில் 411 வரைதான் இருக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது, ஏனென்றால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த பில்லை வேறொரு வாடிக்கையாளருக்குப் போட்டால் டாலி அதற்கு 412 கொடுக்கும். ஐஆர்என் உருவாவது விற்பவர் ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் நான்கையும் வைத்துத்தான். வாங்குபவர் பெயர் அதில் இல்லை. போர்ட்டல் டூப்ளிகேட் என்று தள்ளும். பழையதை ரத்து செய்தாலும் அந்த எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது, ரத்துக்கே 24 மணி நேரம்தான் அவகாசம். இ-வே பில்லோடு லாரி கிளம்பியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

அதனால் ஆள் ஒருவர் முடிவெடுக்கட்டும். வரிசை இது. முதலில் போன சர்வரின் இரண்டு பவர் கார்டையும் உருவுங்கள். அரைகுறையாக உயிரோடிருந்தால் ஒரே விஎம் இரண்டு இடத்தில் ஓடி ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும். அடுத்து, விஎம்மின் கான்ஃபிக் ஃபைலை செத்த சர்வரின் ஃபோல்டரிலிருந்து உயிருள்ளதன் ஃபோல்டருக்கு நகர்த்தி ஸ்டார்ட் செய்யுங்கள். பயனர்களை உள்ளே விடும் முன் அக்கவுன்ட்ஸில் ஒருவர் டாலியின் கடைசி வவுச்சர் எண்ணை இ-இன்வாய்ஸ் போர்ட்டலோடு ஒப்பிட்டு, விடுபட்டதை அதே எண்ணில் திரும்பப் போட வேண்டும். மொத்தம் 15, 20 நிமிடம். இதை ஒரு தாளில் அச்சடித்து ரேக்கின் கதவில் ஒட்டுங்கள், ஷேரில் சேமித்தால் தேவைப்படும்போது திறக்காது.

டாலி லைசென்ஸ் மெஷினோடு பூட்டியது. விஎம் முழுதாக நகர்வதால் மேக் முகவரியும் டிஸ்க் ஐடியும் மாறாது, இருந்தாலும் இரண்டு சர்வரிலும் விஎம்முக்குக் காட்டும் சிபியு வகையை ஒன்றாகவே வையுங்கள். நிறுவிய வாரமே நகர்த்திப் பார்த்து, லைசென்ஸ் நிற்கிறதா என்று டாலி பார்ட்னர் முன்னிலையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஈபிலைன் எழுதியது:

எல்லாரும் சர்வரையே பேசுறீங்க. சின்ன ஆபீஸ்ல சர்வர் படுக்கறதைவிட கரன்ட், ஸ்விட்ச், லைன் படுக்கறதுதான் அதிகம்.

அந்த 2 கேவிஏ லைன் இன்டராக்டிவை சர்வர்ல இருந்து கழட்டுங்க. ஜெனரேட்டர் ஓடும்போது ஃப்ரீக்வென்ஸி ஆடும். லைன் இன்டராக்டிவ் அதைப் பார்த்து அடிக்கடி பேட்டரிக்குத் தாவும், டீசல் எரியும்போதே பேட்டரி தீரும். ஆன்லைன் யுபிஎஸ் (எப்பவும் இன்வர்ட்டர் வழியாவே கரன்ட் கொடுக்கிறது) 1 கேவிஏ இரண்டு வாங்குங்க. ஒவ்வொரு சர்வர்லயும் ஒரு பவர் சப்ளை முதல் யுபிஎஸ்ல, இன்னொண்ணு ரெண்டாவதுல. ஒரு யுபிஎஸ் போனா முழு லோடும் மற்றதுல வரும், அதனால ரெண்டு சர்வர், ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் சேர்த்த வாட்ஸ் ஒரு யுபிஎஸ் திறன்ல 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விஏ வேற, வாட்ஸ் வேற. பின்னாடி ஒட்டின ஸ்டிக்கர்ல வாட்ஸைப் பாருங்க.

பேட்டரி கணக்கு: 12 வோல்ட் 26 ஏஎச் மூணு போட்டா 936 வாட் அவர். இன்வர்ட்டர் இழப்பு, வேகமா இறக்கும்போது குறையற திறன் ரெண்டையும் கழிச்சா 550 நிக்கும். 300 வாட்ஸ் லோடுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம், அதுவும் புது பேட்டரில. எஸ்எம்எஃப் (தண்ணி ஊத்தத் தேவையில்லாத) பேட்டரிக்கு 25 டிகிரிதான் பிடிச்ச சூடு; 10 டிகிரி கூடினா ஆயுள் பாதி. ஏசி இல்லாத மாடிப்படி அடியில யுபிஎஸ்ஸை வெச்சுட்டு, ரெண்டே வருஷத்துல பேட்டரி போச்சுன்னு கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்ல.

ஈபி பராமரிப்புக்கு பகல் முழுக்க நிறுத்தற அன்னிக்கு ஜெனரேட்டரும் கைகொடுக்கலைன்னா சர்வர் தானா அணையணும். யுபிஎஸ்ஸை யுஎஸ்பில பேக்கப் மெஷின்ல மாட்டி, நட் (யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கிற) மென்பொருள் போட்டு, மத்த ரெண்டும் நெட்வொர்க் வழியா கேக்கிற மாதிரி வைங்க. அப்ளிகேஷன் விஎம் முதல்ல, டிசி அடுத்து, ஹோஸ்ட் கடைசி. பயாஸ்ல கரன்ட் வந்தா ஆன் ஆகற அமைப்பைப் போடுங்க. இதுல ஒரு பொறி இருக்கு: சர்வர் அணைஞ்ச பிறகு, யுபிஎஸ் அணையறதுக்கு முன்னாடி ஈபி வந்துட்டா, சர்வருக்கு கரன்ட் போனதாவே தெரியாது, அப்படியே அணைஞ்சு கிடக்கும். கடைசி ஸ்டெப்பா யுபிஎஸ் அவுட்புட்டையே ஒரு தடவை வெட்டி விடற கட்டளை நட்ல இருக்கு, அதை கட்டாயம் போடுங்க. திரும்ப எழும்போது டிசிக்கும் அப்ளிகேஷன் விஎம்முக்கும் நடுவுல 120 நொடி இடைவெளி கொடுங்க.

ஸ்விட்ச் ரெண்டும் மேனேஜ்டா (அமைப்பை மாத்த முடியற வகையா) மாத்துங்க. ஒவ்வொரு சர்வர்ல இருந்தும் ஒரு கேபிள் ஒரு ஸ்விட்சுக்கு, இன்னொண்ணு அடுத்ததுக்கு, பாண்டிங் ஆக்டிவ்-பேக்கப் (ஒரு கேபிள் ஓடும், அது போனா மற்றது). எல்ஏசிபி (ரெண்டு கேபிளையும் ஒரே லைனா சேர்க்கறது) போடாதீங்க, ஸ்டாக் பண்ணாத ரெண்டு ஸ்விட்ச் மேல அது நிக்காது. ஆர்எஸ்டிபி (நெட்வொர்க் லூப்பைத் தடுக்கறது) ஆன்ல இருக்கட்டும். யாராவது மேஜைக்கடியில இருக்கிற வயரோட ரெண்டு முனையையும் சுவத்துல செருகிட்டா மொத்த ஆபீஸும் நிக்கும், அப்ப ரெண்டு சர்வர் இருந்தும் புண்ணியமில்ல.

நெட்டுக்கு ரெண்டாவது கம்பெனி எடுக்கும்போது அந்த ஃபைபர் எந்தக் கம்பம் வழியா வருதுன்னு நேர்ல போய்ப் பாருங்க. ரெண்டும் ஒரே ஈபி கம்பத்துல தொங்கினா ஒரே லாரி ரெண்டையும் அறுக்கும். அப்படின்னா ரெண்டாவதா 5ஜி எடுங்க, ஆனா சிஜிநாட் (ஒரே பொது ஐபியைப் பல பேர் பகிர்றது) இருக்கும்கறதால வெளியில இருந்து உள்ள வர விபிஎன் அதுல வேலை செய்யாது. ரவுட்டர்ல லோட் பேலன்ஸ் வேண்டாம், ஃபெயில்ஓவர் மட்டும். நடுவுல ஐபி மாறினா பேங்க் சைட் லாக்அவுட் பண்ணிடும். லைன் உயிரோட இருக்கான்னு கேட்வேயை மட்டும் பிங் பண்ணாதீங்க, வெளில ரெண்டு முகவரியைப் பண்ணணும்.

டொமைன்வாசி எழுதியது:

பேக்கப் பற்றி யாரும் எழுதவில்லையே. ரான்சம்வேர் வந்தால் பூட்டப்பட்ட ஃபைல்கள் 15 நிமிடத்தில் இரண்டாவது சர்வருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். சதா செருகியே இருக்கும் அந்த யுஎஸ்பி டிஸ்க்கும் கூடவே போகும்.

மூன்றாவதாக ஒரு மெஷினில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர். அதை டொமைனில் சேர்க்காதீர்கள், பாஸ்வேர்டும் தனி, வைக்கும் அறையும் வேறாக இருக்கட்டும். ஹோஸ்டுகளுக்குக் கொடுக்கும் கணக்குக்கு பேக்கப் போடும் உரிமை மட்டும், அழிக்கும் உரிமை வேண்டாம். தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12 வைத்துக்கொள்ளுங்கள். டாலி திறந்திருக்கும்போது ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்தால் பாதி எழுதிய ஃபைல் வரும். கெஸ்ட் ஏஜென்ட் (விஎம்முக்குள் வைக்கும் சின்ன புரோகிராம்) வழியாக விஎஸ்எஸ் ஃப்ரீஸ் செய்து (ஃபைல்களை ஒரு கணம் நிலையாக்கி) எடுக்க வேண்டும். அதோடு, ராத்திரி எல்லாரும் வெளியேறியபின் டாலியின் சொந்த பேக்கப்பும் ஒன்று.

நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்பதால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளில் வந்த திருத்தம் அது. கிளவுடில் வைத்தால் மும்பை அல்லது ஹைதராபாத் ரீஜியனைத் தேர்ந்தெடுங்கள். 50 எம்பிபிஎஸ் அப்லோடில் 200 ஜிபி ஏற 9 மணி நேரம் ஆகும். டிசைன் ஃபைல்களை அங்கே அனுப்பாமல் டாலியும் எஸ்க்யூஎல்லும் மட்டும் போகட்டும். டிசைனுக்கு இரண்டு யுஎஸ்பி டிஸ்க், வாரம் மாற்றி மாற்றி, ஒன்று எப்போதும் குடோனில்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, முதல் சர்வரின் கார்டுகளை உருவி நேரம் பாருங்கள். டாலி திறக்கிறதா, வருகைப்பதிவு மெஷின் தன் டேட்டாவைத் தள்ளுகிறதா, ஸ்கேனர் ஷேருக்குள் எழுதுகிறதா என்று மூன்றையும் சோதியுங்கள். அன்றே பேக்கப்பிலிருந்து ஒரு விஎம்மை நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்து எழுப்பிப் பாருங்கள். துண்டிக்காமல் எழுப்பினால் ஓடிக்கொண்டிருக்கும் அசலோடு ஐபி மோதும்.

பனியன்நெட் எழுதியது:

தெளிவாயிருச்சுங்க. பழைய டவர் சர்வரை அந்த பேக்கப் மெஷினாக வைக்கலாங்களா? அதிலிருக்கும் விண்டோஸ் லைசென்ஸை புது விஎம்முக்கு எடுத்துக்கொள்ள முடியுமா?

குவோரம் எழுதியது:

பேக்கப் மெஷினாக வைக்கலாம். அந்த இரண்டு 2 டிபி டிஸ்க்கையும் கழற்றிவிட்டு 4 டிபி புதிது இரண்டு மிரராகப் போடுங்கள், க்யூடிவைஸும் அதிலேயே இருக்கட்டும். பழைய டிஸ்க்குகளை உடனே துடைக்காமல் ஒரு நிதியாண்டு முடியும் வரை பீரோவில் வையுங்கள். ரெய்டு கார்டை ஐடி மோடுக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கார்டைத் தவிர்த்து மதர்போர்டு சாட்டா போர்ட்டிலேயே மாட்டுங்கள், இசட்எஃப்எஸ் டிஸ்க்கை நேரடியாகப் பார்க்க வேண்டும்.

லைசென்ஸ் அந்த மெஷினோடு வந்த ஓஇஎம் என்றால் நகராது. வால்யூம் அல்லது ரீடெயில் என்றால் நகர்த்தலாம், ஆனால் 2016-ஐப் புது சர்வரில் ஏற்றி 2027 ஜனவரியில் மறுபடி மாற்றுவது வீண் வேலை.